கள்ளக் காற்று

இப்பகுதிக்கு வந்து சேரும் கடிதங்களில் வாரத்துக்கு ஒன்றேனும் காபரேற்றரைப் பற்றியதாக இல்லாமற் போவதில்லை. வண்டி ஓட மறுத்தால் அதன் பழியை முதலிற் சுமப்பது அந்தச் சிறிய உலோகப் பாத்திரமே. திருகாணியும் நட்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதனால் வருவோர் போவோரெல்லாம் அதனைத் திருகிப் பார்க்கின்றனர். திருகுவது எளிது. திருகியதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் அரிது.

சென்ற மாதம் வலிகாமத்தின் வட பகுதியிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருந்தார். அவரிடம் இருப்பது 1965 ஆம் ஆண்டிற் பதிவான மொறிஸ் மைனர் பிக்கப். தந்தையார் ஓட்டிய வண்டி. தந்தையார் 2021 ஆம் ஆண்டிற் காலமானார். அதன்பின் அவ்வண்டி ஒருநாளாவது ஒழுங்காக ஓடியதில்லை என்கிறார். நின்ற நிலையில் எஞ்சின் சீராக ஓடாமல் ஏறியும் இறங்கியும் தள்ளாடுகின்றது. மிதியிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடுகின்றது. வேகமெடுக்க அமுக்கினாற் காபரேற்றரின் வாய்வழியே தும்முகின்றது. பெற்றோலோ முன்னையிலும் ஒன்றரை மடங்கு செல்கின்றது. மூன்று கராஜ்களுக்குக் கொண்டு சென்றாராம். முதலாமவர் அடியிலுள்ள நட்டைத் திருகினார். இரண்டாமவர் அதே நட்டை இன்னுஞ் சிறிது திருகினார். மூன்றாமவர் தாமும் ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டு, காபரேற்றரையே மாற்றவேண்டும் என்றார். அதற்கு அவர் சொன்ன விலை இரண்டு மாத வெங்காய வருமானத்திலும் கூடியது.

கடிதத்தின் இறுதி வரிகள் இவை: "பழைய இரும்பு வாங்குபவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு இதில் விருப்பமில்லை. ஆனால் ஓடாத வண்டியைக் கொட்டிலில் வைத்துக்கொண்டு, தோட்டத்து வெங்காயத்தைக் கூலி வண்டியிற் சந்தைக்கு அனுப்ப என்னால் இயலவில்லை. ஐயா அவர்கள் ஒரு வழி சொல்லவேண்டும்."

பத்திரிகையிற் பதில் எழுதினால், இரும்புக்காரர் படலையைத் திறக்கும் வேளையிற்றான் அது அவர் கைக்குச் சேரும். அவ்வூர் எனக்குத் தூரமுமில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் சைக்கிளிற் புறப்பட்டேன்.

அங்கு கண்டதைச் சொல்லுமுன் அந்த வண்டியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டு லண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதற் காட்டப்பட்டது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1953 ஆம் ஆண்டிலிருந்து அதே வண்டியைப் பின்புறந் திறந்த பிக்கப்பாகவும் செய்தனர். எல்லா வகையுமாகப் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. எங்கள் நாட்டில் அவை இன்றும் ஓடுவதற்கு, அவற்றின்மீது நமக்குள்ள பற்று மட்டுமன்று காரணம். 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி பல ஆண்டுகள் திறக்கப்படாமலிருந்தது. அக்காலத்தில் உள்ளதைக் கொண்டு ஓடுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

மைனரிற் பூட்டப்பட்டிருப்பது எஸ். யூ. வகைக் காபரேற்றர். ஸ்கின்னர் என்னும் குடும்பத்தாரின் கண்டுபிடிப்பு இது. அக்குடும்பம் சப்பாத்து வியாபாரக் குடும்பம். ஆகவே முதன்முதற் செய்த காபரேற்றரில் விரிந்து சுருங்கும் பாகத்தைத் தோலினாலேயே செய்தார்கள். பிறகுதான் உலோகத்தாலான உருளை வந்தது. 1926 ஆம் ஆண்டில் மொறிஸ் அந்தத் தொழிலை வாங்கிக்கொண்டார். தோல் போய்விட்டதாயினும் தத்துவம் மாறவில்லை. எஞ்சின் எவ்வளவு காற்றை உறிஞ்சுகின்றதோ அவ்வளவுக்கு உள்ளிருக்கும் உருளை மேலெழும். உருளையின் அடியிற் கூம்பாகச் சீவிய ஊசியொன்று தொங்குகின்றது. அது ஜெற் எனப்படும் துவாரத்துள் இறங்கி நிற்கும். உருளை எழ ஊசியும் எழும், துவாரம் அகலும், பெற்றோல் கூடுதலாக வரும். காற்றுக்கு ஏற்ற பெற்றோல், அவ்வளவுதான். நிறைக்கணக்கிற் பார்த்தால் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறையப் பதினைந்து பங்கு காற்று வேண்டும்.

காற்றை உறிஞ்சும் வேலை எஞ்சினுடையது. காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில், மனிபோல்ற் என்று கராஜ்களில் வழங்கும் கிளைக்குழாயொன்று உண்டு. மிதியிற் கால் வைக்காதபோது காபரேற்றரின் தகடு மூடிக்கிடக்க, எஞ்சின் ஓயாமல் உறிஞ்சிக்கொண்டிருப்பதனால், அக்குழாயினுள்ளே வெற்றிடத்துக்கு அண்மையான நிலை உண்டாகின்றது. அளந்து பார்த்தால் நல்ல எஞ்சினில் அது 15 முதல் 20 அங்குல இரசம் வரையிற் காட்டும். சிறுவயதிற் பப்பாசிக் குழலால் இளநீர் உறிஞ்சிக் குடித்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. குழலின் நடுவில் ஊசித்துளை ஒன்று இருந்தாற் போதும். எவ்வளவுதான் உறிஞ்சினாலும் வாய்க்குக் காற்று வருமேயன்றி இளநீர் வராது. காபரேற்றரைத் தாண்டி, மனிபோல்ற்றில் எங்கேனும் ஒரு துளை ஏற்பட்டுவிட்டால் நடப்பதும் அதுவே. காபரேற்றரின் கணக்கிற் சேராத காற்று அவ்வழியே உட்புகும். அதை நான் கள்ளக் காற்று என்பேன். கணக்கெழுதுபவனுக்குத் தெரியாமற் களஞ்சியத்துள் வந்துவிட்ட சரக்கு அது. காற்றுக் கூடிப் பெற்றோல் குறைந்த கலவை நன்றாக எரியாது, தள்ளாடும், தும்மும்.

இனி அந்தக் கொட்டிலுக்கு வருவோம். பொனற்றைத் திறந்தபோது எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. பையன் நல்லவன், கைகளில் நகக்கண் வரை எண்ணெய்க் கறை. "ஐயா, முதலிற் காபரேற்றரைக் கழற்றட்டுமா?" என்றார். "தம்பி, அதைக் கடைசியிற் பார்ப்போம்" என்றேன்.

முதலிற் செய்யவேண்டியது காதாற் கேட்பது. மைனரின் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது. எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கும். சாவியைத் திருப்பியதும் சில தடவை டிக் டிக்கென்று அடித்து, மிதவைப் பாத்திரம் நிறைந்ததும் ஓய்ந்துவிடவேண்டும். ஓயாமல் வேகமாக அடித்தால் அது பெற்றோலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கின்றது, அல்லது மிதவையின் ஊசி மூடாமற் பாத்திரம் வழிகின்றது. அடியாமலே இருந்தால் அதன் தொடுமுனைகள் கருகியிருக்கும். ஸ்பானரின் பிடியினால் மெல்லத் தட்டினால் அடிக்கத் தொடங்கும் பம்ப்புகள் உண்டு. அது வீடு வந்து சேர்வதற்கு மட்டும் உரிய வைத்தியம். இவ்வண்டியிற் பம்ப் ஐந்து தடவை அடித்து ஓய்ந்தது. குறையில்லை.

அடுத்ததாக நான்கு பிளக்குகளையும் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒரு பலகைமேல் வைத்தேன். இவ்விடத்தில் வாசகர்கள் சிறிது நின்று பார்க்கவேண்டும். வண்டி தன் நோயைத் தானே எழுதிக்காட்டியிருந்த இடம் இது. முன்னிருந்து முதலாம் இரண்டாம் பிளக்குகள் வெண்ணீறு பூசினாற்போல் வெளுத்திருந்தன. மூன்றாம் நான்காம் பிளக்குகள் அடுப்புக்கரி போற் கறுத்திருந்தன. வெளுப்பு, பெற்றோல் போதாமைக்கு அடையாளம். கறுப்பு, பெற்றோல் மிகுதிக்கு அடையாளம். ஒரே காபரேற்றர் நான்குக்கும் ஊட்டுகையில், இரண்டு பட்டினியும் இரண்டு அசீரணமுமாக இருப்பது எங்ஙனம்?

மைனரின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கும் காற்றுப் புகும் வாயில்கள் இரண்டே. முதலாவதும் இரண்டாவதும் ஒரு வாயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. மூன்றாவதும் நான்காவதும் மற்றதை. காபரேற்றரே கெட்டிருந்தால் நான்கும் ஒருமித்து வெளுத்திருக்கும், அல்லது ஒருமித்துக் கறுத்திருக்கும். இங்கே முன்கிளையிற் கள்ளக் காற்றுப் புகுகின்றது. அதனால் முன்னிரண்டும் வெளுத்தன. தள்ளாட்டத்தைக் கண்டவர்கள் நட்டை இறக்கி இறக்கிப் பெற்றோலைக் கூட்டியிருக்கின்றனர். அது பின்னிரண்டையும் கறுப்பாக்கிவிட்டது. பெற்றோல் ஒன்றரை மடங்கு செலவானதற்கும் விளக்கம் வேறு தேவையில்லை. மூன்று கராஜ்களில் ஒன்றிலாவது பிளக்குகளைக் கழற்றி வரிசையில் வைத்துப் பார்த்தார்களா என்று கேட்டேன். இரண்டு இடங்களிற் கழற்றினார்களாம். கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தமாக்கிப் பூட்டிவிட்டார்களாம். கடிதத்தைப் படியாமற் கிழித்தெறிவது போன்றதே இது.

புகும் இடம் முன்கிளை என்று தெரிந்தபின்பும் நேரே அங்கே போகவில்லை. பழைய வண்டிக்கு ஒரு நோய் மட்டும் இருப்பது அரிது. சிறியவற்றை முதலில் ஒதுக்கிவிட்டாற் பெரியது தனியாக நிற்கும்.

காபரேற்றரின் தலையிலுள்ள பித்தளை மூடியைக் கழற்றினேன். அதன் அடியில் ஒரு மெல்லிய தண்டு தொங்கும். அது எண்ணெயில் அமிழ்ந்திருக்கவேண்டும். இங்கே சொட்டு எண்ணெயும் இல்லை. மிதியைத் திடீரென அமுக்கும்போது உருளை துள்ளியெழாமல் நிதானமாக எழுவதற்கே இந்த எண்ணெய். அது வற்றினால் உருளை ஒரே பாய்ச்சலில் எழும், காற்று முந்தும், பெற்றோல் பிந்தும், எஞ்சின் ஒரு கணம் மூச்சடைத்து நிற்கும். இருபதாம் இலக்க மெல்லிய எஞ்சின் எண்ணெய் சிறிது விட்டு மூடியை இறக்கவேண்டும். மூடி அமர்வதற்கு இன்னும் கால் அங்குலம் இருக்கையிலேயே தண்டுக்கு எண்ணெயின் தடை தெரிந்தால் அளவு சரி. பின் உருளையை விரலால் உயர்த்தி விட்டேன். தங்குதடையின்றி இறங்கி, அடியிற் டக்கென்று மோதிற்று. அவ்வோசை கேட்டால் உருளையைப் பற்றிக் கவலையில்லை. கேளாவிட்டாற் கழற்றிப் பெற்றோலில் நனைத்த துணியாற் துடைக்கவேண்டும். மண்தாளால் தேய்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அந்த உருளையும் அதன் கூடும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்டவை. தேய்த்தவன் இரண்டையும் கெடுத்தவனாவான். ஒரு வண்டியின் கூட்டை மற்றொன்றுக்கு மாற்றுவதும் அவ்வாறே.

மிதவைப் பாத்திரத்தில் மஞ்சள் நிறப் பிசினும் துருத்தூளும் ஒரு தேக்கரண்டியளவு கிடந்தன. 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாடு முழுவதும் வரிசையில் நின்ற மாதங்களில் வண்டி கொட்டிலில் அசையாமல் நின்றதாம். கிடந்த பெற்றோலின் மெல்லிய பாகம் ஆவியாகிப்போக, எஞ்சியது பிசினாகும். கழுவினோம். அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

இனி, கராஜ்களில் வக்கியூம் பைப் என்று சொல்லும் வெற்றிடக் குழாய். காபரேற்றரிலிருந்து டிஸ்றிபியூற்றருக்குச் செல்லும் அந்த மெல்லிய உலோகக் குழாயின் இரு முனைகளிலும் இறப்பர் உறைகள் உண்டு. இரண்டும் வெடித்துப் பாம்புச் சட்டை போல் உரிந்திருந்தன. பையன் முகம் மலர்ந்தது. "கண்டுபிடித்துவிட்டோம், ஐயா!" என்றார். நானும் அவருடைய வயதில் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இக்குழாயின் வேலை என்ன? வண்டி பாரமின்றி ஒரே சீராக ஓடும்போது கலவை மெல்லவே எரியும். ஆகவே தீப்பொறி சற்று முந்தி விழவேண்டும். குழாயின் உறிஞ்சல், டிஸ்றிபியூற்றரின் பக்கத்திலுள்ள கிண்ணத்தினுள் இருக்கும் சவ்வை இழுத்து அதனைச் செய்கின்றது. ஆனால் மைனரில் இக்குழாய் தொடங்கும் துவாரம், காபரேற்றர்த் தகட்டின் விளிம்பருகே இருக்கின்றது. தகடு மூடியிருக்கும்போது துவாரத்திற் பெரிய உறிஞ்சல் இராது. தகடு சிறிது திறந்த பின்னரே உறிஞ்சல் வரும். ஆகவே குழாய் வெடித்திருந்தால் ஓட்டத்தில் உற்சாகம் குறையும், பெற்றோலும் சிறிது கூடச் செல்லும். நின்ற நிலையிலே தள்ளாடுவதற்கு அது காரணமாகாது. நோயாளியிடம் குறையொன்றைக் கண்டதும் அதுவே அவன் நோய் என்று தீர்த்துவிடும் வைத்தியர்களை நாம் அறிவோம்.

சவ்வைச் சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. டிஸ்றிபியூற்றரின் மூடியைக் கழற்றிவிட்டு, குழாயின் காபரேற்றர் முனையைத் துடைத்து, வாயால் உறிஞ்சி, நாவால் அடைத்துக்கொள்ளவேண்டும். உள்ளிருக்கும் தகடு சிறிது திரும்பி, திரும்பிய நிலையில் நின்றாற் சவ்வு நல்லது; மெல்லத் திரும்பி வந்தால் கிழிந்தது. குழாயிற் பெற்றோல் தேங்கியிருக்கக்கூடுமாதலால் முதலில் அதை உதறிவிடுவது நல்லது. ஒருமுறை உதறாமல் உறிஞ்சி, அன்று முழுவதும் தேநீரும் பெற்றோலாகவே எனக்குச் சுவைத்தது. இவ்வண்டியின் சவ்வு நின்றது. புதிய இறப்பர் உறைகள் இரண்டு போட்டோம். எஞ்சினை ஓடவிட்டோம். முன்போலவே தள்ளாடிற்று. பையன் ஒன்றும் பேசவில்லை.

1970 களின் ஜப்பானிய பிக்கப்புகள் வைத்திருப்போருக்கு இவ்விடத்தில் ஒரு வார்த்தை. அவற்றுட் பலவற்றில் பிறேக்குக்குத் துணைசெய்யும் தடித்த குழாயொன்று நேரே மனிபோல்ற்றிலிருந்து செல்லும். அது வெடித்தால் எஞ்சினும் தள்ளாடும், பிறேக்கும் கல்லுப்போல் இறுகும். அதை நாளைக்குப் பார்ப்போம் என்று விடலாகாது.

பின்பு வேட்டை தொடங்கினோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஐயுறவான இணைப்புகளில் நீரைத் தெளித்துப் பார்ப்பது என் வழக்கம். துளையிருந்தால் நீர் ஒரு கணம் அதனை அடைக்கும். எஞ்சினின் ஓசை மாறும். பெற்றோலையும் தின்னரையும் தெளிப்பவர்கள் உளர். மைனரில் உள்ளிழுக்கும் குழாயும் கொதிக்கும் புகைக் குழாயும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கின்றன. அங்கே பெற்றோல் தெளிப்பது கொட்டிலுக்குக் கொள்ளி வைப்பதுதான். காபரேற்றருக்கும் மனிபோல்ற்றுக்கும் இடையிலுள்ள காஸ்கற்றில் நீர் விட்டோம், மாற்றமில்லை. மனிபோல்ற் எஞ்சினோடு பொருந்துமிடத்தில் விட்டோம், மாற்றமில்லை. தகட்டைத் தாங்கும் குறுக்குத் தண்டில் விட்டபோது சிறிது மாறிற்று. தண்டு தேய்ந்து ஆடுகின்றது. அறுபது வயதான காபரேற்றரில் அது எதிர்பார்த்ததே. ஆயினும் அது நான்கு சிலிண்டர்களையும் ஒப்பவே தாக்கும். முன்னிரண்டை மட்டும் வெளுக்கவைக்க அதனால் ஆகாது.

ஒரு முழ நீள இறப்பர்க் குழாய் கேட்டேன். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறு முனையை மனிபோல்ற்றைச் சுற்றி மெல்ல நகர்த்தினேன். முன்கிளையின் பின்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத மறைவில், நல்லபாம்பு சீறுவது போன்ற ஓசை. கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பார்த்தோம். குழாயிற் துளையிட்டு இறுக்கிய, சுண்டுவிரல் நீளமான செம்பு முளை ஒன்று. அதன் வாயைச் சைக்கிள் ரியூப்பின் துண்டொன்றால் மூடி, மெல்லிய கம்பியாற் சுற்றிக் கட்டியிருந்தது. இறப்பர் காய்ந்து கரியாகி நடுவே பிளந்திருந்தது. விரலை வைத்து அழுத்தினேன். எஞ்சினின் தள்ளாட்டம் நின்றது, ஓசை தடித்தது, வெண்ணிறமாயிருந்த புகைக் குழாயின் வாயிற் கரும்புகை வந்தது. விரலை எடுத்தேன்; பழையபடி தள்ளாடிற்று.

"இது என்ன, ஐயா? இப்படியொன்றை மைனரில் நான் கண்டதில்லையே" என்றார் பையன். உண்மை, அது மொறிஸ் தொழிற்சாலையிற் செய்ததன்று. அவருக்கு விடை சொன்னவர், எஞ்சினின் ஓசை மாறியதைக் கேட்டு அடுக்களையிலிருந்து வந்த தாயார்.

1990 களின் முற்பகுதியில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடுக்கப்பட்டிருந்தபோது, இங்கே வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இளையவர்களுக்கு இது கதைபோலத் தோன்றும். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆதலாற் சிறிதளவு பெற்றோலைக் கொடுத்து எஞ்சினை எழுப்பி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயில் எஞ்சின் சுத்தியலால் அடித்தாற்போற் தட்டும். அதற்காகத் தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீராக்கிவிடும். ஆகவே எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டும். அந்தத் தொடக்கத்துப் பெற்றோலைக் கொடுக்க ஆளுக்கொரு உபாயம் வைத்திருந்தார்கள். இந்த வண்டியின் உபாயம் அந்தச் செம்பு முளை. ஆஸ்பத்திரிகளில் மருந்தேற்றும் சேலைன் குழாயின் ஒரு முனையை அதிற் செருகி, மறு முனையை எஞ்சின் அறையின் பின்சுவர்த் துவாரம் வழியாக முன் இருக்கைக்கு எடுத்து, அங்கே ஒரு குப்பியிற் பொருத்தியிருந்தாராம் தந்தையார்.

"குப்பியைப் பிடிப்பது நான்தான்" என்றார் அந்த அம்மா. "அவர் ஸ்ராற்றரை இழுப்பார். நான் குழாயின் சக்கரத்தைத் திறந்து பத்துச் சொட்டு எண்ணுவேன். கூடிவிட்டால் ஏசுவார். இவன் பிறக்க இருந்த இரவும் அப்படித்தான். வலி ஒரு பக்கம், குப்பி ஒரு பக்கம். எண்ணிக்கை தப்பிவிட்டது. அன்று மட்டும் அவர் ஏசவில்லை."

பையன் தாயையும் முளையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இது முன்பு தெரியாது.

பெற்றோல் மீண்டும் வந்தபின் சேலைன் குழாயைக் கழற்றிவிட்டு முளையின் வாயைச் சைக்கிள் ரியூப்பால் மூடியிருக்கிறார். எஞ்சினின் வெப்பத்தில் அந்த இறப்பர் ஓராண்டுக்குமேல் நில்லாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வோராண்டும் தைப்பொங்கலுக்கு முதல்நாள் பழைய ரியூப்பில் ஒரு துண்டு வெட்டுவாராம். எதற்கு என்று அந்த அம்மா கேட்டதில்லையாம். 2021 ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வெட்டியதே கடைசித் துண்டு. அதுதான் என் விரலின் கீழ் உதிர்ந்தது.

முளையை அடியோடு கழற்றிவிட்டு, துளையிற் புரிவெட்டிப் பித்தளைத் திருகாணியால் அடைத்துவிடலாம் என்றேன். வேலைக்கு அதுவே உறுதியானது. பையன் தாயைப் பார்த்தார். "அது இருந்துவிட்டுப் போகட்டுமே, ஐயா" என்றார் அந்த அம்மா. யோசித்துப் பார்த்தேன். முளையின் வாயிற் புரிவெட்டிப் பித்தளை மூடியொன்றை இறுக்கினாலும் காற்றுக்கு வழியில்லை. வெப்பமும் அதனை ஒன்றும் செய்யாது. பக்கத்துத் தெருவிற் கடைசல் வேலை செய்பவரிடம் அரைமணி நேரத்தில் அது முடிந்தது.

மூடியை இறுக்கியபின் எஞ்சினை ஓடவிட்டோம். வாசகர்களே, இவ்விடத்திற்றான் பலர் ஏமாந்துபோகின்றனர். வண்டி முன்னையிலும் மோசமாக ஓடிற்று. கரும்புகை கொட்டிலை நிறைத்தது; இரண்டு நிமிடத்தில் அணைந்தும்விட்டது. பையனின் முகம் வாடிவிட்டது. கள்ளக் காற்றுக்கு ஈடாக மூன்று கராஜ்களிலும் கூட்டிய பெற்றோல் அப்படியே இருக்கின்றதல்லவா? காற்று நின்றுவிட்டது; அதற்காகக் கொடுத்த பெற்றோல் நிற்கவில்லை. அடைப்பதற்கு முன்னிருந்ததே நல்லதென்று எண்ணி, அடைத்ததைத் திரும்பத் திறந்துவிட்டவர் ஒருவரையும் நான் அறிவேன்.

இப்போதுதான் அந்த நட்டைத் தொடும் நேரம். ஜெற்றின் அடியிலுள்ள அந்த அறுகோண நட்டை மேல்நோக்கி முழுவதும் ஏற்றிக்கொண்டு போனோம். நான்கு சுற்றளவு இறங்கியிருந்தது. முழுவதும் ஏற்றியபின் இரண்டு சுற்று மட்டும் இறக்கினோம், எஸ். யூ. காபரேற்றருக்குத் தொடக்க நிலை அது. அதன்பின் எஞ்சினை நன்றாகச் சூடேறவிட்டு, ஒருமுறைக்கு அறுகோணத்தின் ஒரு பக்கமளவு மட்டும் திருப்பி, ஒவ்வொரு தடவையும் காத்திருந்து கேட்கவேண்டும். சோக்கு முழுவதும் உள்ளே தள்ளப்பட்டிருக்கவேண்டும் என்பதை மறவாதீர்கள். காபரேற்றரின் பக்கத்தில் உருளையை உயர்த்தும் சிறு முளை ஒன்று உண்டு. அதனை மெல்ல, ஓர் அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்களவு உயர்த்திப் பாருங்கள். எஞ்சின் வேகங்கூடி அவ்வேகத்திலேயே நின்றால் பெற்றோல் மிகுதி. நட்டைச் சிறிது ஏற்றுக. உடனே அணையப் பார்த்தாற் பெற்றோல் குறைவு, சிறிது இறக்குக. ஒரு கணம் சற்றே கூடிப் பழைய நிலைக்கு வந்தால் கையை எடுத்துவிடுக. எங்களுக்கு அது தொடக்க நிலையிலிருந்து ஒரு பக்கம் இறங்கியதும் கிடைத்தது. தேய்ந்த குறுக்குத் தண்டுக்காக அந்த ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பொழுது சாயும் நேரத்திற் பையன் வண்டியைச் சந்தை வரை ஓட்டிச் சென்று திரும்பினார். பிளக்குகளை மீண்டும் கழற்றினோம். ஒரு பயணத்தில் நிறம் முற்றாக மாறிவிடாது; ஆயினும் கரி மெலிந்திருந்தது, வெளுத்தவை காய்ந்த பனையோலையின் நிறத்துக்கு வரத் தொடங்கியிருந்தன. குறுக்குத் தண்டுக்குப் புதிய புஷ் போடும் வேலை மீதமிருக்கின்றது. அது அவசரமானதன்று, வெங்காயம் கிண்டி முடிந்தபின் செய்துகொள்ளலாம் என்றேன். இருள் சூழ்ந்துவிட்டபடியால் என் சைக்கிளையும் பின்தட்டில் ஏற்றி வீட்டிற் கொண்டுவந்து விட்டார். வழிநெடுகத் தாயாரும் முன் இருக்கையில் வந்தார். பின்சுவரில் துணியால் அடைத்திருந்த அந்தத் துவாரத்தை அவர் காட்ட, அப்போதுதான் நானும் கண்டேன். அதையும் இறப்பரால் அடைத்துவிடும்படி சொல்லியிருக்கிறேன். எஞ்சினின் புகை அவ்வழியே முன் இருக்கைக்கு வரக்கூடும்.

திங்கட்கிழமை பையன் தொலைபேசியிற் பேசினார். ஞாயிறு காலை இரும்புக்காரர் வந்தபோது தாம் தோட்டத்தில் நின்றதாகவும், "வண்டி வேலைக்குப் போய்விட்டது" என்று தாயாரே சொல்லி அனுப்பிவிட்டதாகவும் கூறினார். வண்டி அப்போது கொட்டிலிற்றான் நின்றதாம்.

பெற்றோற் செலவை ஒரு மாதம் எழுதிவைத்து அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். மிதவைப் பாத்திரம் ஓயாமல் வழிவதாக எழுதிய சாவகச்சேரி அன்பர், மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பார்க்கவும். உள்ளே பெற்றோல் சலசலத்தால் மிதவை துளைபட்டது, வேறு வாங்கவேண்டும். றேடியேற்றர் கொதிப்பதைப் பற்றிக் கேட்ட மூவருக்கும் அடுத்த வாரம்.